சேற்றில் பிடித்த பந்து

ஹார்மன், மிசிசிப்பி
செப்டம்பர் 9, 1991

மதிப்பிற்குரிய முன்னாள் பயிற்சியாளர் ஹோசியா பாஸ்கம் அவர்களுக்கு,

எட்டு வருடம் கழித்து எழுதுகிறேன். பாசம் பொங்கி எழுதவில்லை. கல்லூரித் தலைவர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன்.

நம் ஹார்மன் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்துக்குப் புதிதாக நான்கு வாசல் கட்டுகிறார்கள். ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் ஆட்டக்காரன் பெயர். மூன்று வாசலுக்கு ஆள் முடிவாகிவிட்டது. நான்காவது வாசலில், ‘ஹார்மன் கண்ட மிகச் சிறந்த ரிசீவர்’ என்று கல்லில் வெட்டி, கீழே ஒரு பெயர் போட வேண்டும். அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்க இருவர் குழு. ஒருவன் நான். ஹார்மன் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் முப்பத்திரண்டு வருடமாக வானொலியில் வர்ணிப்பவன் என்பதால் என்னைப் போட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. இன்னொருவர் நீங்கள். ரிசீவர்களுக்கு, அதாவது எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர்களுக்கு, இருபது வருடம் பயிற்சி கொடுத்தீர்களாம். அப்படித்தான் கோப்பில் எழுதியிருக்கிறது.

இருவரும் ஒரே பெயரில் கையெழுத்துப் போட்டு அக்டோபர் 21-க்குள் கொடுக்க வேண்டும். ஒத்துப் போகாவிட்டால், வாசலுக்குப் பணம் கொடுத்த திருவாளர் லவ்லேஸ் தாமே ஒரு பெயரைச் சொல்வார். இந்த ஊரில் செத்தவர்களையெல்லாம் அடக்கம் செய்து பணம் சேர்த்த அந்த மகானுக்கு ஒரே மகன், குவின்டன். அவனும் ரிசீவராகத்தான் இருந்தான் என்பதை நீங்கள் மறந்திருக்கலாம், எல்லோருமே மறந்துவிட்டார்கள். நான்கு வருடத்தில் பதினொரு பந்து பிடித்தான். அதில் இரண்டு, பந்தே வந்து அவன் மார்பில் மோதிச் சிக்கிக்கொண்டது.

ஆகவே நமக்குள் விவாதத்துக்கு இடமில்லை. படிவத்தில் ரேண்டல் ஸ்பைவியின் பெயரை நானே எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறேன். என் கையெழுத்துக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் உங்கள் கையெழுத்து. இவ்வளவுதான் வேலை. உங்களால் முடியும்.

தங்கள்,
லூஷியஸ் டார்ப்ளி
‘ஹார்மனின் குரல்’


மோபில், அலபாமா
செப்டம்பர் 14, 1991

டார்ப்ளி,

‘அவர்கள்’, ‘தங்கள்’ எல்லாம் வேண்டாம். எண்பத்து மூன்றில் என் ஓய்வு விருந்தில் முந்நூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்து நீ பேசியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. “சனிக்கிழமை நாம ஜெயிச்சோமா தோத்தோமான்னு நம்ம பாஸ்கமுக்கு ஞாயித்துக்கிழமை ஃபிலிமப் போட்டுப் பாத்தாத்தான்யா தெரியும்!” என்றாய். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கோழிக்கறியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தோம். அந்த வாயால் இப்போது மரியாதை வேண்டியதில்லை.

கையெழுத்துப் போடமாட்டேன். ஹார்மனின் மிகச் சிறந்த ரிசீவர் எஸ்ரா மாக்லின்.

உனக்குப் புரியாது. புரியும்படி சொல்கிறேன். ஓர் ஆட்டத்தில் பந்து எழுபது தடவை கிளம்பும். அதில் ஒரு ரிசீவருக்கு வருவது ஆறோ ஏழோ. மீதி அறுபத்துச் சொச்சம் தடவை அவன் என்ன செய்கிறான் என்பதை நீ ஒருநாளும் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். ஞாயிறு காலை தேவாலயத்துக்குக்கூடப் போகாமல் இருட்டறையில் ஃபிலிமைப் போட்டு, ஒவ்வொரு பையனுக்கும் ஒவ்வொரு தடவைக்கும் கூட்டலோ கழித்தலோ போட்டேன். அதைத்தான் நீ விருந்தில் கேலி செய்தாய்.

உன் ஸ்பைவிக்குப் பந்து வராவிட்டால் என்ன செய்வான் தெரியுமா? இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் திரும்பி நிற்பான். கழித்தல், கழித்தல், கழித்தல். மாக்லின் ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் எதிராளி ஒருவனை முட்டித் தடுத்து மண்ணில் படுக்க வைத்துவிட்டு வருவான். ஸ்பைவி துள்ளிக் குதித்து ஓடிய ஓட்டங்களில் பாதி, மாக்லின் முன்னால் போய்த் திறந்துவிட்ட வழி. எழுபத்தொன்றில் அந்தப் பையன் வாங்கிய கூட்டல் கணக்கை அதற்கு முன்னும் பின்னும் யாரும் வாங்கவில்லை.

மாக்லின் என்று எழுதி வேறு படிவம் அனுப்பு. புள்ளி வைக்காதே. எங்கே கையெழுத்துப் போடுவது என்று எனக்குத் தெரியும்.

பாஸ்கம்


ஹார்மன்
செப்டம்பர் 21, 1991

அன்புள்ள கூட்டல் கழித்தல் வாத்தியார் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைப் பெர்சியின் முடிதிருத்தும் கடையில் சத்தம் போட்டு வாசித்தேன். இவ்வளவு சிரித்து நாளாகிவிட்டது. பெர்சி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “முட்டறதுதான் பெரிசுன்னா எங்க மாமா வீட்டு ஆட்டுக்கெடா பேர வைங்கய்யா!” கடையில் பதினான்கு பேர். ஓட்டெடுப்பு நடத்தினேன். ஸ்பைவிக்குப் பதிமூன்று. பதினான்காவது ஆள் தூங்கிக்கொண்டிருந்தார், அவரும் தூக்கத்தில் தலையாட்டினார்.

எழுபத்தொன்றில் ஸ்பைவி பிடித்தது அறுபத்து நான்கு பந்து. மாக்லின் இருபத்தொன்பது. ரிசீவர் என்றால் பந்தைப் பிடிப்பவன். முட்டித் தள்ளுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனி வாசல் ஒதுக்கியாகிவிட்டது.

இருந்தாலும் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? ஒரே ஒரு பந்து போதும். நவம்பர் 13, 1971. பீச்சம் கல்லூரிக்கு எதிராக, விடாத மழையில். ஆறுக்கு மூன்று என்று தோற்றுக்கொண்டிருக்கிறோம், கடிகாரத்தில் பன்னிரண்டு நொடி. நாற்பத்து மூன்று கெஜம் தூரத்துக்கு ஓர் எறி. இடப்பக்கத்தில் ஓர் உருவம், சேற்றில் சறுக்கியபடி, முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் பந்தைத் தலைக்கு மேலே பறித்துக் கடைசிக் கோட்டைத் தாண்டி விழுகிறது, ஜெயித்தோம். அப்போது நான் என்ன சொன்னேன் என்று இந்த மாநிலத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்: “ஸ்பைவி! ஸ்பைவி! மழைய நிறுத்தச் சொல்லுங்கய்யா, ஸ்பைவி மேகத்துலேர்ந்து பந்தப் பறிச்சிட்டான்!”

இருபது வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒலிபரப்பு அந்தக் குரலோடுதான் தொடங்குகிறது. கல்யாண வீட்டில் சொல்லச் சொல்கிறார்கள். ஒரு தடவை மருத்துவமனையில், சாகக் கிடந்த தேவாலய டீக்கன் ஒருவர் கேட்டுக்கொண்டார், சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். உங்கள் கூட்டல் கணக்கைக் காதில் சொல்லி யாரையாவது அப்படி அனுப்ப முடியுமா?

அந்த ஒரு பந்துக்கே ஒரு வாசல் கட்டலாம். கையெழுத்தைப் போடுங்கள். இல்லாவிட்டால் இனி நம் பேரப்பிள்ளைகள் எல்லாம் குவின்டன் லவ்லேஸ் வாசல் வழியாக உள்ளே போவார்கள். அந்தப் பாவம் உங்கள் தலையில்.

லூஷியஸ் டார்ப்ளி


மோபில்
செப்டம்பர் 27, 1991

டார்ப்ளி,

இதை எழுதுவதா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். எழுதுகிறேன்.

அந்தப் பந்தைப் பிடித்தது ஸ்பைவி இல்லை. மாக்லின்.

இரண்டாவது கால்பகுதியிலேயே ஒரு பையன் முதுகிலும் எண் தெரியவில்லை, எல்லோரும் ஒரே சேறு. நீ வர்ணனை சொல்லும் கண்ணாடிக்கூண்டில் ஆவி படிந்திருந்தது. நீ கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாய். எண் தெரியாததால் பக்கத்தை வைத்துச் சொன்னாய். ஸ்பைவி வருடம் முழுக்க இடப்பக்கம்தான் நிற்பான், அதனால் இடப்பக்கம் ஓடியவன் ஸ்பைவி. உன் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதியவருக்கும் எதுவும் தெரியவில்லை. நீ வாயால் சொன்னதைக் கையால் எழுதினார். மறுநாள் செய்தித்தாள் அவர் எழுதியதைப் போட்டது. சரித்திரம் முடிந்தது.

உனக்குத் தெரியாதது இது. கடைசி நிமிடத்துக்கு முன்னால் இரண்டு பேரையும் நான் பக்கம் மாற்றினேன். இடப்பக்கம் கணுக்கால் வரை சேறு. ஸ்பைவியின் வேகம் அங்கே செல்லாது. மாக்லின் கனமான பையன், மழைக்காலத்தில் பருத்திக் காட்டில் நடந்து பழகியவன். கையைக் குறுக்கே ஆட்டினேன், இருவரும் மாறிக்கொண்டார்கள். நீ அந்தச் சமயம் யாருடைய விளம்பரத்தையோ வாசித்துக்கொண்டிருந்திருப்பாய்.

ஞாயிறு காலை ஃபிலிமைப் போட்டேன். அந்த ஓர் ஓட்டத்தை ஒன்பது தடவை ஓட்டிப் பார்த்தேன். வலப்பக்கம் ஒருவன் சறுக்கி விழுந்து கிடக்கிறான், அவன் ஸ்பைவி. இடப்பக்கம் பிடித்தவன் எழுந்திருக்கிறான். எழுந்து என்ன செய்கிறான்? நடுவரிடம் போய்ப் பந்தைக் கையில் கொடுக்கிறான். உன் ஸ்பைவி பிறந்ததிலிருந்து ஒரு பந்தை நடுவர் கையில் கொடுத்ததுண்டா? கூட்டத்தில் தூக்கி எறிவான், அல்லது முத்தம் கொடுப்பான்.

ஃபிலிம் என் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. உனக்கு அனுப்பமாட்டேன். உன் கையில் கொடுத்தால் ‘தொலைந்துவிட்டது’ என்பாய்.

சாகக் கிடந்த மனிதன் காதிலும் பொய்யைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறாய்.

பாஸ்கம்


ஹார்மன்
அக்டோபர் 3, 1991

பாஸ்கம்,

நீ பொய் சொல்கிறாய் என்று எழுதித்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். நேற்று மைதானத்துக்குப் போய், பழைய கூண்டில் ஏறி, இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். புல் வெட்டுகிறவன் கீழேயிருந்து கத்தினான்: “என்ன சார், ஆட்டம் சனிக்கிழமைதானே?” கையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கி வந்தேன்.

சரி. நடுவர் கையில் பந்து. அது என் கண்ணிலும் பட்டது. ‘ஸ்பைவிக்கு இன்றைக்கு அடக்கம் வந்துவிட்டது’ என்று அப்போதே மைக்கில் சொன்னேன். அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டுத்தான் வாராவாரம் போடுகிறார்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கூட்டல் கழித்தல் ஐயா. நான் பார்த்தது மழையில், ஆவி படிந்த கண்ணாடி வழியாக, மூன்று நொடி. நீ பார்த்தது உலர்ந்த அறையில், உட்கார்ந்துகொண்டு, ஒன்பது தடவை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. உனக்குத் தெரியும். திங்கள்கிழமையும் தெரியும். இருபது வருடத்துத் திங்கள்கிழமைகள் எல்லாம் உனக்குத் தெரியும். வாயில் என்ன வைத்திருந்தாய்?

என் விருந்துப் பேச்சுக்கு எட்டு வருடம் கோபித்துக்கொள்ளத் தெரிந்தவனுக்கு, ‘அது மாக்லின்’ என்று இரண்டு வார்த்தை சொல்லத் தெரியவில்லையா? ஃபிலிமைக் கொட்டகையில் பூட்டி வைத்துக்கொண்டு, இத்தனை வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் என் குரலைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாயே, உன்னை என்னவென்று சொல்வது? என் தொழிலில் அதற்கு வார்த்தை இருக்கிறது, ஒலிபரப்ப முடியாது.

ஏன் சொல்லவில்லை? எழுது.

டார்ப்ளி


மோபில்
அக்டோபர் 8, 1991

டார்ப்ளி,

கேட்டாய். சொல்கிறேன். நியாயப்படுத்திக்கொள்ள எழுதவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை தொழில்முறை அணிகளிலிருந்து மூன்று பேர் ஹார்மனுக்கு வருவதாக இருந்தது. ஸ்பைவியைப் பார்க்க. நம் கல்லூரியிலிருந்து அதுவரை ஒரு ரிசீவரையும் எவனும் எடுத்ததில்லை. அவர்கள் காரில் வரும்போதே அந்தப் பந்தைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் வந்தார்கள். நான் போய், ‘அது அவன் இல்லை, நீங்கள் பெயரே கேள்விப்படாத இன்னொருவன்’ என்று சொல்லியிருந்தால் திரும்பிப் போயிருப்பார்கள். ஸ்பைவியை எடுத்தால் அடுத்த வருடம் மாநிலத்தில் உள்ள வேகமான பையன்கள் எல்லாம் என்னிடம் வருவார்கள் என்று நினைத்தேன். எடுத்தார்கள். பையன்களும் வந்தார்கள். பதவி உயர்வும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாக்லின் திங்கள்கிழமை என் அறைக்கு வந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

“கோச், அந்தப் பந்து நான் பிடிச்சது.”

“தெரியும்.”

“பேப்பர்ல ஸ்பைவின்னு போட்டிருக்கு, கோச்.”

“டீம் ஜெயிச்சுதா இல்லையா?”

“ஜெயிச்சுது.”

“அப்புறம் என்ன? போய் உன் வேலையப் பாரு.”

“சரி, கோச்” என்றான். போனான். அந்த வாரமும் அறுபது தடவை முட்டினான். எல்லாம் கூட்டல். அதற்குப் பிறகு அவன் என்னிடம் வேலை தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. ‘மிகச் சிறந்த ரிசீவர் மாக்லின்’ என்று நான் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிவது எதனால் என்று உனக்கு இப்போது விளங்கியிருக்கும். எனக்கும் இதை எழுதும்போதுதான் விளங்குகிறது, வெட்கமாக இருக்கிறது.

ஆனாலும் அந்தப் பொய்யை ஊதிப் பெரிதாக்கி ஊர் ஊராகக் கொண்டுபோனது உன் வாய். ஒரு தடவை சந்தேகப்பட்டிருப்பாயா? எவனாவது வந்து உன்னிடம் சொன்னதே இல்லையா?

மாக்லின் இப்போது ஹார்மனுக்கு மேற்கே நாற்பது மைலில், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். போய் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வா. பிறகு ஸ்பைவி பெயரில் கையெழுத்துக் கேள். நான் வர முடியாது. முட்டி வலி.

பாஸ்கம்


ஹார்மன்
அக்டோபர் 15, 1991

பாஸ்கம்,

உன் முட்டி வலி எனக்குத் தெரியாததா? மாக்லின் வீடு இருக்கும் திசையில் மட்டும் வலிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராக அங்கே போனேன். அவன் மனைவி வெர்னெல் கதவைத் திறந்தாள். நான் பெயர் சொல்வதற்குள் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். வழக்கமாக அதற்கு எனக்குப் பெருமையாக இருக்கும்.

“ரேடியோக்காரரா நீங்க? ஒரு விஷயம் சொல்லட்டுமா? எங்க வீட்டுல சனிக்கிழமை ஆட்டம் கேப்போம். ஆனா மொத ரெண்டு நிமிஷம் ரேடியோவ வைக்க மாட்டோம். நீங்க கத்தி முடிச்சப்புறம்தான் வைப்போம்.”

உட்காரச் சொன்னாள். மாக்லின் எதிரே வந்து உட்கார்ந்தான். நாற்பது வயது தாண்டிவிட்டது, தோள் இன்னும் கதவளவு இருக்கிறது. வாசல் விஷயம், நாம் இருவரும் அடித்துக்கொள்ளும் விஷயம், உன் ஃபிலிம் விஷயம் எல்லாம் சொன்னேன். என் வாழ்க்கையில் இவ்வளவு மோசமாக நான் எதையும் வர்ணித்ததில்லை. முடித்ததும் கேட்டான்:

“மிஸ்டர் டார்ப்ளி, அன்னிக்கு ஆட்டம் முடிஞ்ச கையோட ஸ்பைவி உங்ககிட்ட வந்தான்ல?”

பாஸ்கம், உன் கடைசிக் கடிதத்தில் நீ கேட்டதும் இதுதான். உனக்கும் மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். வந்தான். ஸ்பைவி வந்தான். உடம்பெல்லாம் சேற்றோடு கூண்டுப் படியில் ஏறி வந்து, “சார், அது நான் இல்ல. எஸ்ரா” என்றான். பெண்கள் பக்கம் திரும்பி நிற்பான் என்று நீ இளக்காரம் செய்கிற அதே ஸ்பைவி.

“வந்தான்” என்றேன்.

“என்ன சொல்லி அனுப்புனீங்க?”

“‘காத்துல போனத யாருப்பா திரும்பப் பிடிக்க முடியும்?’னு சொன்னேன்.”

வெர்னெல் சமையலறையிலிருந்து சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

ஆக, பாஸ்கம், அன்றைக்கு இரண்டு பையன்கள் உண்மையைச் சொன்னார்கள். ஒருவன் வாயை நீ அடைத்தாய், இன்னொருவன் வாயை நான் அடைத்தேன். யார் சிறந்தவன் என்று இப்போது நாம் இரண்டு பேரும் நீதிபதி வேலை பார்க்கிறோம்.

எதையாவது கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று பதறிப்போய், “வாசல்ல உன் பேரையே போட்டுடறோம், எஸ்ரா. பாஸ்கமுக்குச் சம்மதம். நானும் கையெழுத்துப் போடறேன்” என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பேருந்தில் சில்லறையை விட்டெறிந்த பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

“பெரிய ரிசீவர் யாருன்னா கேக்கறீங்க? ஸ்பைவிதான். இதுல சண்டை போட என்ன இருக்கு? பத்துப் பந்து வந்தா அவன் ஒம்போது பிடிப்பான், நான் ஆறு பிடிப்பேன். முட்டறது நல்லா முட்டுவேன், அது வேற வேலை. இது தெரியாமயா ரெண்டு பேரும் இத்தனை வருஷம் குப்பை கொட்டினீங்க? வாசல்ல அவன் பேரப் போடுங்க. எனக்குச் சந்தோஷம்தான். ஆனா அந்தப் பந்து என்னோடது. அத மட்டும் குடுங்க.”

“எப்படிக் குடுக்கறது?”

“எடுத்த எடத்துலயே குடுங்க. ரேடியோல.”

பாஸ்கம், நீ எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும், நீ இப்போது சிரிக்கிறாய். விவாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன். மாக்லினே ஸ்பைவி என்கிறான். ஆனால் என்னிடம் இருக்கிற ஒரே பெரிய சொத்து அந்தப் பதினைந்து நொடி. எனக்கு வயது அறுபத்தேழு. என் கல்லறையில் வெட்டச் சொல்லி எழுதி வைத்திருப்பதும் அந்த வரிதான். சனிக்கிழமை பழைய மாணவர்கள் கூடும் பெரிய ஆட்டம், மாநிலமே கேட்கும். அதில் நான் எழுந்து, அது பொய், எனக்கு அன்றைக்கே தெரியும் என்று சொல்ல வேண்டும்.

சொல்வேனா என்று எனக்கே தெரியவில்லை. படிவம் இத்துடன். ஸ்பைவி பெயர்தான், உன் ஆளே சொன்னது. வருவதாக இருந்தால் வா. முட்டியைச் சாக்குச் சொல்லாதே.

லூஷியஸ்


எஸ்ரா மாக்லின் வீட்டுச் சமையலறையிலிருந்து
அக்டோபர் 19, 1991, சனிக்கிழமை

லூஷியஸ்,

ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி வந்தேன். உன் மைதானத்துக்கு வரவில்லை, இங்கே வந்தேன். ஃபிலிம் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறினேன். வெர்னெல் கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு நடந்துவிட்டாள். எஸ்ரா கெளுத்தி மீனைச் சோளமாவில் புரட்டிப் பொரித்துக்கொண்டிருந்தான். டப்பாவை மேசையில் வைத்தேன். ஒருமுறை பார்த்தான், திறக்கவில்லை.

ஒரு மணிக்கு வெர்னெல் ரேடியோவை வைத்தாள். இன்றைக்கு முதலிலிருந்தே வைத்தாள். உன் பழைய குரல் கத்தியது. ஸ்பைவி, மேகம், மழை, எல்லாம். எஸ்ரா மீனைத் திருப்பிப் போட்டான். பிறகு ஒன்றுமே இல்லை. பத்து நொடி இருக்கும். நீ ஓடிப்போய்விட்டாய் என்றே நினைத்தேன். ‘கோழை’ என்று வாய்விட்டும் சொன்னேன், அதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் நீ பேசினாய்.

“இப்ப ஒண்ணு கேட்டீங்கள்ல? அது பொய். அந்தப் பந்தப் பிடிச்சது எஸ்ரா மாக்லின். நான் தப்பாப் பாத்தேன். ஆட்டம் முடிஞ்ச உடனே ஸ்பைவியே வந்து எங்கிட்ட உண்மையச் சொன்னான். நான்தான் மறைச்சேன். தப்பு என்னோடது, வேற யாரோடதும் இல்ல. இப்ப அந்த ஓட்டத்தத் திருப்பிச் சொல்றேன், கேட்டுக்குங்க.”

சொன்னாய். பன்னிரண்டு நொடியிலிருந்து ஆரம்பித்து, சேறு, சறுக்கல், தலைக்கு மேலே பறித்தது, எழுந்து நடுவர் கையில் பந்தைக் கொடுத்தது வரை. மேகத்தை விட்டுவிட்டாய். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. பழையதைவிட நன்றாக இருந்தது. இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதே.

வெர்னெல் ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எஸ்ரா, சொல்லிட்டாங்க” என்றாள். அவன் அடுப்பை அணைத்தான். கையைக் கழுவினான். உன்னை ஊரார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று நீ கவலைப்பட்டுக்கொண்டிருப்பாய். பெர்சி கடையில் பதிமூன்று பேர் உன்னைப் பைத்தியம் என்பார்கள், தூங்கியவர் விழித்துக்கொள்வார். அதை நீ பார்த்துக்கொள்.

நான் எழுந்து, “பாத்தியா எஸ்ரா, கடைசியில வாயத் திறந்துட்டான் அந்த வாயாடி” என்றேன். உன்னைத் திட்டினால் அவன் பக்கம் சேர்ந்துவிடலாம் என்ற நினைப்பு. அவன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பினான். கோபமே இல்லாமல்தான் சொன்னான்.

“அவர் தப்பாப் பாத்தாரு, கோச். நீங்க சரியாப் பாத்தீங்க.”

அவ்வளவுதான். அவனும் வெர்னெலும் கோட்டைப் போட்டுக்கொண்டு, முன்னால் நடந்த பாதியைப் பார்க்காவிட்டாலும் மீதியைப் பார்க்கலாம் என்று மைதானத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. மீன் ஆறிக்கொண்டிருக்கிறது. அடுத்தவன் வீட்டுச் சமையலறையில் நான் ஒருவன் மட்டும் உட்கார்ந்துகொண்டு, நீ ஆட்டத்தைக் கொலை செய்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது கால்பகுதியில் பந்து எந்தக் கோட்டில் இருக்கிறது என்று இரண்டு தடவை மாற்றிச் சொன்னாய்.

‘வேற யாரோடதும் இல்ல’ என்று சொன்னாயே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நீ யார் என்னைக் காப்பாற்ற? உன் தயவில் நான் நல்லவனாகத் தெரிவதைவிடக் கேவலம் எனக்கு வேறில்லை.

ஸ்பைவி பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். படிவம் உள்ளே இருக்கிறது. நாளை மறுநாள் தலைவரிடம் கொடுத்துவிடு. போகிற வழியில் இந்த உறையை உன் வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவேன்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டம் தொடங்குமுன் மைக் எனக்கு வேண்டும். இரண்டு நிமிடம் போதும். நீ என்னை அறிமுகம் செய்ய வேண்டாம், ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாய். நான் யார், அந்த ஞாயிற்றுக்கிழமை நான் என்ன பார்த்தேன், திங்கள்கிழமை அந்தப் பையனிடம் என்ன சொல்லி அனுப்பினேன் என்பதை நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஹோசியா பாஸ்கம்